ஒரே காசு வந்தால் வெங்காயத்துக்கு என்ன ஆகும்?

காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் 2023 ஒக்டோபரில் கப்பல் ஓடத் தொடங்கியது. ஐரோப்பாவைப்போல இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே காசு இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் யாழ்ப்பாணத்தில் உண்டு. கேட்பதில் வியப்பில்லை. பாரிஸிலிருந்து பிராங்காகவும் ஜேர்மனியிலிருந்து மார்க்காகவும் வந்த காசு, 2002இல் யூரோவாக மாறியதைப் பார்த்த ஊர் இது.

ஒரு காலத்தில் நம்முடைய ரூபாவும் இந்திய ரூபாவும் சரிக்குச் சரி. 1949 முதல் 1966 வரை இரண்டுமே டொலருக்கு 4.76. 1966 ஜூனில் இந்தியா தன் ரூபாவை 7.50க்கு இறக்கியது. இலங்கை உடனே பின்னால் போகவில்லை, 1967இல்தான் 5.95க்கு இறங்கியது. கொஞ்சக் காலம் நம்முடைய ரூபாதான் பெரிது! இன்று ஒரு இந்திய ரூபாவுக்கு மூன்றுக்கு மேல் கொடுக்கிறோம்.

இந்த ஏற்ற இறக்கம் வெறும் தொல்லையா? 2022ஐ எடுத்துக்கொள்வோம். மத்திய வங்கி 200 ரூபாவை ஒட்டிப் பிடித்து வைத்திருந்த டொலர், மார்ச்சில் வங்கி கைவிட்டதும் மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. இந்திய ரூபா ஏறத்தாழ 2.70இலிருந்து 4.60க்குப் போனது. இந்தியாவில் கிலோ 40 ரூபா விற்கும் பெரிய வெங்காயம், கப்பல் கூலி சேர்க்காமலே 108 ரூபாவிலிருந்து 184 ரூபாவாகிறது. வாங்குபவருக்கு அடி. ஆனால் யாழ்ப்பாணத்து உரும்பிராயில் சின்ன வெங்காயம் நட்டவருக்குப் போட்டி குறைகிறது. ஒரே காசாக இருந்தால் அந்த 40 அப்படியே 40தான். (அவருடைய இலாபத்தை அந்த ஆண்டு உரமும் இறைப்பு மிசினுக்கான மண்ணெண்ணெயும் தின்றது வேறு கதை.)

நாடு நொடிக்கும்போது நாணயம் இறங்கினால் இறக்குமதி சுருங்கும், ஏற்றுமதியும் சுற்றுலாவும் மலிவாகும். நோவு எல்லோருக்கும் விலைவாசியாக வரும். நாணயம் இறங்க வழியில்லை என்றால் அதே நோவு சம்பளத்திலும் வேலையிலும் இறங்கும். கடனில் சிக்கிய கிரேக்கத்தில் நடந்தது அதுதான். யூரோவை இறக்க ஏதென்ஸுக்கு அதிகாரமில்லை. ஆகவே சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் வெட்டினார்கள். 2013இல் வேலையின்மை 27 சதவீதத்தைத் தொட்டது. 2015 கோடையில் ஏடிஎம்மில் ஒரு நாளைக்கு 60 யூரோதான் எடுக்கலாம்.

அப்படியானால் பொது நாணயம் எங்கே பொருந்தும்? 1961இல் ரொபர்ட் மண்டெல் என்ற பொருளியலாளர் சொன்ன விடை: வேலையாட்கள் தாராளமாக இடம் மாறக்கூடிய இடத்தில். பின்னால் வந்தவர்கள் பொது வரிப்பணத்தையும் சேர்த்தார்கள். பீகாரில் வேலை இல்லையென்றால் ஆள் சென்னைக்கு ரயில் ஏறுகிறார். டெல்லி வசூலிக்கும் வரியில் பீகாருக்குப் பங்கு போகிறது. யாழ்ப்பாணத்து மேசனுக்குச் சென்னையில் வேலை செய்ய விசா வேண்டும். டெல்லியின் வரியில் நமக்குப் பங்கில்லை. 2022இல் டெல்லியிடமிருந்து கிடைத்தது பெரும்பாலும் கடன். ஒரே காசானால் வட்டிவீதத்தையும் மும்பையிலுள்ள இந்திய ரிசர்வ் வங்கி முடிவு செய்யும், 140 கோடிப் பேரின் நிலவரத்தைப் பார்த்து.

எதிர்வாதம் ஒன்றை மட்டும் தள்ள முடியவில்லை. சொந்த நாணயம் இருந்தால் அதை அச்சடிக்கும் ஆசையும் வரும். அந்த ஆசையும் சேர்ந்துதான் 2022 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கத்தை 70 சதவீதத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனது. அதற்காக நாணயத்தையே விட்டுக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

காசு கட்டுவதை இலகுவாக்க ஒரே நாணயம் தேவையுமில்லை. 2024 பெப்ரவரியிலிருந்து இந்தியப் பயணி இங்கே, கைப்பேசியில் காசு கட்டும் இந்திய முறையான யூ.பி.ஐ.யில் கட்டலாம்: அவர் கணக்கில் இந்திய ரூபா கழியும், கடைக்காரருக்கு இலங்கை ரூபா வரும். ஆனால் இரு நாட்டுச் சந்தையையும் ஒன்றாக்கும் பொருளாதார ஒன்றியம் அப்படி இலேசில் முடியாது. 1970களில் வெங்காயம், மிளகாய் இறக்குமதியைத் தடுத்தபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் நல்ல காசு உழைத்தார்கள். 1977க்குப் பிறகு கதவு திறந்ததும் விலை விழுந்தது. இப்போது இறக்குமதி வெங்காயத்துக்கு அரசு விசேட பண்ட வரியைக் கூட்டிக் குறைக்கிறது. ஒன்றியம் என்றால் அந்த வரியும் போகும். நாணயத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உரும்பிராயில் இதைப் பேச வேண்டும்.