அந்தப் பாஸ்போர்ட்டை லேமினேட் செய்யாதீர்கள்

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அந்தக் காலத்தில் இந்தியா திரும்பியவர்களின் பழைய பாஸ்போர்ட்டைப் பற்றித்தான் சொல்கிறேன். நீலகிரியில் கோத்தகிரிப் பக்கமிருந்து இந்த மாதமும் அப்படி ஒன்று வந்தது, பக்கம் பக்கமாகப் பிரித்து லேமினேட் செய்து. தகரப் பெட்டியில் ஐம்பது வருஷம் பூசணம் அண்டாமல் காத்த காகிதம். சூட்டில் முத்திரையின் ஊதா மை கலங்கி, பதிவு எண்ணில் நடு இரண்டு இலக்கம் போய்விட்டது.

எல்லோரும் 'சிலோன் பாஸ்போர்ட்' என்கிறார்கள். ஐயா, அது இந்தியப் பாஸ்போர்ட். இலங்கையின் கண்டியில் வைத்து இந்திய அரசு கொடுத்தது, அவ்வளவுதான்.

அடுத்த எரிச்சல்: "சிலோன்காரங்க எல்லாம் அகதிதானே?" கவுன்டரில் உட்கார்ந்திருப்பவரும் கேட்கிறார், பேரப்பிள்ளையும் கேட்கிறான். அகதி இல்லை. 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் போனார்கள். 1964 அக்டோபர் 30-ல் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டு 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதி. இங்கே ஏழு பேர் வந்தால் அங்கே நாலு பேருக்குக் குடியுரிமை என்று விகிதம் வேறு! அந்தக் கணக்கில் பதிவாகிக் கப்பலேறியவர், தலைமன்னாரில் கால் எடுக்கும்போதே இந்தியர். அவர்கள்தான் தாயகம் திரும்பியோர். 1968-ல் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் போட்டதே அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். 1983 கலவரத்துக்குப் பிறகு உயிருக்குப் பயந்து வந்தவர்களின் கதை வேறு, சட்டமும் வேறு. இரண்டையும் ஒரே வாயில் சொல்லாதீர்கள்.

நடுவில் மாட்டியவர்களும் உண்டு. 1984-ல் கப்பல் நின்றது. இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருந்த மலையக (இலங்கை மலைத்தோட்ட) குடும்பங்கள் சில, பிறகு படகில் அகதிகளாக வந்து சேர்ந்தன. உங்கள் வீடு அப்படியென்றால் அந்தப் பழைய விண்ணப்ப ரசீதுதான் உயிர்நாடி.

"ஒப்பந்தம்தான் இருக்கே, பேப்பர் எதுக்கு?" என்பவர்களுக்கு: இரண்டு அரசும் எண்ணிக்கையைப் பேசி முடித்தன. உங்கள் தாத்தா பெயர் அதில் இல்லை. பெயர் இருப்பது பாஸ்போர்ட்டிலும் ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையிலும்தான். ஆதார், ரேஷன் கார்டு இரண்டும் குடியுரிமைக்கு ஆதாரமாகாது.

பாஸ்போர்ட்டின் காலாவதி தேதியைப் பார்த்துத் தூக்கிப் போடாதீர்கள். அட்டையிலிருந்து அட்டை வரை, வெற்றுப் பக்கம் உட்பட, நகல் எடுங்கள். சின்னப் பிள்ளைகளின் பெயர் பெற்றோர் பாஸ்போர்ட்டில்தான் இருக்கும். கூடலூர், பந்தலூர் மழைக்குப் பிளாஸ்டிக் உறை மட்டும் போதாது, உள்ளே வியர்க்கும். காகித உறையில் வைத்துப் பிறகு பெட்டியில் வையுங்கள். எந்த ஆபீஸிலும் அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். காட்டுங்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதிதான் முக்கியம். 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர், பெற்றோர் யாராக இருந்தாலும். அதற்குப் பின் என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியர் என்று காட்ட வேண்டும். 2004 டிசம்பர் 3-லிருந்து இன்னும் கெடுபிடி. அப்போது தாத்தாவின் பாஸ்போர்ட்டில்தான் வந்து நிற்பீர்கள்.

பெயர் எழுத்து மாறுவது அன்றாடத் தகராறு. அங்கே லெட்சுமி, இங்கே லக்ஷ்மி. இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் போடுங்கள். பழைய காகிதத்தில் பேனாவால் திருத்தினால் அதோடு போச்சு.

பாட்டி காலமானதும் துணிமணியோடு பெட்டியையும் எரிக்கிற வழக்கம் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கிறது. எரிப்பதற்கு முன், பெட்டியின் அடியில் விரித்த செய்தித்தாளைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள், அம்மா.