தேங்காய் நார் கலந்த சிமெண்ட் ஷீட் வாங்கப் போறீங்களா? இதக் கொஞ்சம் படிச்சிட்டுப் போங்க

கொஞ்ச நாளா வீடு கட்ட வர்ற கிளையண்ட் நிறைய பேர் கேக்குறாங்க, "சார், ஆஸ்பெஸ்டாஸ் வேணாம், தேங்காய் நார் போட்ட சிமெண்ட் ஷீட் வருதாமே, அத கார் ஷெட்டுக்குப் போட்டுக்கலாமா?" ஆஸ்பெஸ்டாஸ் வேணாம்னு முடிவு பண்றது ரொம்ப நல்ல விஷயம். நாரும் நம்ம பொள்ளாச்சிப் பக்கம் மலையா குவிஞ்சு கெடக்கு. ஆனா விக்கிறவங்க காட்டுற ரிப்போர்ட்ட வாங்கிப் பாத்தா எல்லாமே 28 நாள் ஸ்ட்ரெங்த் டெஸ்ட்தான். 28 நாள்ல நாருக்கு ஒண்ணும் ஆகாதுங்க, அதுக்கு ஆபத்து வர்றது அதுக்கப்புறம்தான்.

எப்படின்னா, சிமெண்ட் இறுகினப்புறமும் அதோட நுண்துளைகள்ல கொஞ்சம் தண்ணி இருந்துகிட்டே இருக்கும், அந்தத் தண்ணியோட பிஎச் 12.5-க்கு மேல, கடுமையான காரம். இரும்புக் கம்பிக்கு அந்தக் காரம் பாதுகாப்பு, துருப்பிடிக்க விடாது. செடியில இருந்து வர்ற நாருக்கு அதே காரம்தான் எமன். ஒரு தேங்காய் நார்ங்கிறது ஒரே இழை மாதிரி தெரிஞ்சாலும் உள்ள எத்தனையோ நுண்ணிய செல்லுங்க லிக்னின்ங்கிற பசையால ஒட்டிக்கிட்டு இருக்கு, காரம் அந்தப் பசையையும் கூட இருக்கிற ஹெமிசெல்லுலோஸையும் கொஞ்சங் கொஞ்சமா கரைக்கும். இன்னொரு பக்கம் சிமெண்ட்ல இருந்து வர்ற சுண்ணாம்பு தண்ணியோட சேந்து நாருக்குள்ள இருக்கிற பொந்துல போய்ப் படிஞ்சு கெட்டியாயிடும். வளைஞ்சு குடுத்துக்கிட்டிருந்த நார் குச்சி மாதிரி விறைச்சு, லேசா இழுத்தாலே படக்குன்னு ஒடியும். மழையில நனையுறது, வெயில்ல காயுறதுன்னு மாறி மாறி நடந்தா இது வேகமாகும், ஏன்னா ஒவ்வொரு தடவை நனையும்போதும் சுண்ணாம்பு இன்னும் உள்ள போகுது. அதனால கூரையிலயும் சன்ஷேட்லயும்தான் நார் சீக்கிரம் போகுது, நனையாத உள் சுவர்ல அதே ஷீட் நல்லா தாங்கும்.

இத நீங்களே பாக்கலாம். புது ஷீட்ட ஒடைச்சுப் பாருங்க, ஒடைஞ்ச எடத்துல நார் பல்லு பல்லா வெளிய நீட்டிக்கிட்டு ரெண்டு துண்டையும் விடாம புடிச்சிக்கிட்டு இருக்கும். நாலஞ்சு மழைக்காலம் பாத்த ஷீட்ல நார் சிமெண்டோட மட்டத்துக்கே வெட்டுன மாதிரி ஒடிஞ்சிருக்கும். ஒரு மாட்டுக் கொட்டகையில நான் பாத்த ஷீட் அப்படித்தான் இருந்துச்சு, மேல பாத்தா ஒரு கீறல் இல்ல, ஏணி சாத்தி ஒருத்தர் கால் வச்சதும் பிஸ்கட் மாதிரி உடைஞ்சு போச்சு, நல்லவேளை கீழ வைக்கப்போர் இருந்துச்சு. எனக்குக் கவலையே இதுதான். ஷீட் பாக்க நல்லாவே இருக்கும், உள்ள பிடிப்பு போயிருக்கும், ஆள் மேல ஏறுறப்பதான் தெரியவரும்.

உலகத்துக்கு இது புதுசு இல்ல. 1970, 80-கள்ல ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா, ஆசியான்னு ஏழை மக்கள் வீட்டுக்கு ரயில் கத்தாழை நார் போட்ட சிமெண்ட் ஷீட்டு நிறைய செஞ்சாங்க, பல எடத்துல சில வருஷத்துலயே வெடிச்சு ஒழுக ஆரம்பிச்சிடுச்சு. 1983-ல ஸ்வீடன்ல ஹான்ஸ்-எரிக் கிராம்ங்கிறவர் இதுக்குக் காரணம் காரம்தான்னு விரிவா ஆராய்ச்சி பண்ணி வெளியிட்டாரு. பின்னாடி நிறைய எடத்துல நாரையே விட்டுட்டு சின்ன சைஸ் கான்கிரீட் ஓட்டுக்கு மாறிட்டாங்க.

அதுக்காக நாரே வேணாம்னு சொல்லல. சிமெண்ட்ட மாத்துனா கதையே மாறும். பிரேசில்ல சாவோ பாலோல 1989-ல இரும்பாலைக் கசட அரைச்சுச் செஞ்ச சிமெண்ட்டும் தேங்காய் நாரும் போட்ட பேனல்ல ஒரு சோதனை வீடு கட்டி, 12 வருஷம் கழிச்சு நாரை எடுத்து மைக்ரோஸ்கோப்ல பாத்தாங்க, லிக்னின் குறைஞ்சிருந்தாலும் நார் பெரும்பாலும் முழுசா இருந்துச்சு. இந்தக் கசடு, ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்), சிலிகா ஃப்யூம் (சிலிக்கான் ஆலையில வர்ற நுண்தூள்), மெட்டாகயோலின் (சுட்ட களிமண் தூள்) இதெல்லாம் மிச்சமா இருக்கிற சுண்ணாம்பத் தின்னுடும், காரமும் எறங்கும். நம்ம கடையில கிடைக்கிற பிபிசிங்கிற கலப்பு சிமெண்ட் மூட்டையில ஃப்ளை ஆஷ் 15-ல இருந்து 35 சதவீதம் இருக்கும், இதெல்லாம் கலக்காத சாதா சிமெண்ட்டான ஓபிசி 53 விட அது தேவலை, ஆனா மழையில நிக்கிற ஷீட்டுக்கு அது மட்டும் போதும்னு நம்பாதீங்க.

ஆக, ஷீட் வாங்கும்போது கேளுங்க: என்ன சிமெண்ட், கசடோ ஃப்ளை ஆஷோ எவ்வளவு, நனைச்சுக் காயவைக்கிற டெஸ்ட் 25 சுற்றோ 50 சுற்றோ பண்ணுனப்புறம் எவ்வளவு தாங்குச்சு? பதில் வரலேன்னா அந்த ஷீட்ட உள்ள பார்டிஷனுக்கோ ஃபால்ஸ் சீலிங்குக்கோ வச்சுக்குங்க. மேல போட்டுத்தான் ஆகணும்னா ஷீட்டத் தாங்குற குறுக்குச் சட்டத்த (ரீப்பர்) நெருக்கமா அடிங்க, ஷீட் மேல நேரா கால் வைக்காம பலகை போட்டு நடக்கச் சொல்லுங்க.

பூச்சு வேலை வேற கணக்கு. அங்க நாரோட வேலையே ஈரம் காயுற முதல் சில நாள்ல வர்ற முடி விரிசலத் தடுக்குறதுதான், அதுக்கப்புறம் நார் செத்தாலும் சுவருக்கு நஷ்டமில்ல, அங்க தாராளமா போடுங்க. நாரை அலசி, தூளெல்லாம் போகத் தட்டி, நனைச்சுப் போடச் சொல்லுங்க மேஸ்திரிகிட்ட, அலசாத நார்ல இருந்து எறங்குற சாறு சிமெண்ட்ட செட்டாக விடாது, காஞ்ச நாரோ கலவையில இருக்கிற தண்ணிய உறிஞ்சிடும். லிண்டல், சன்ஷேட், ஸ்லாப் எதுலயும் கம்பியக் குறைச்சு அதுக்கு பதிலா நார் போடலாம்னு யாராவது சொன்னா ஒத்துக்கவே ஒத்துக்காதீங்க.