கேமரா எட்டு இருந்தது, டிவிஆரைத்தான் காணோம்

வீடுகளுக்கும் கடைகளுக்கும் கேமரா, அலாரம் மாட்டுவது என் தொழில். போன வாரம் திருச்சி கே.கே. நகரில் ஒரு வீட்டுக்குப் போனேன். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரும் அவர் மனைவியும் மட்டும் இருக்கிற வீடு. பேரனுக்குக் காதுகுத்து என்று பெங்களூரு போய்விட்டு நான்கு நாள் கழித்துத் திரும்பியிருக்கிறார்கள். கொல்லைப்பக்கக் கதவு திறந்து கிடந்திருக்கிறது. பீரோவில் இருந்த 22 பவுன் இல்லை. நான் போனபோது காவல்துறையினர் வந்து ரேகை எல்லாம் எடுத்து முடித்திருந்தார்கள்.

"தம்பி, எட்டு கேமரா போட்டிருக்கோமே, ஆள் மூஞ்சி எதுலயாவது விழுந்திருக்கும்ல?" என்று சார் கேட்டார்.

டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டைக் குனிந்து பார்த்தேன். தூசி படிந்த பலகையில் ஒரு செவ்வகம் மட்டும் பளிச்சென்று சுத்தமாக இருந்தது. கேமராக்களின் படத்தைப் பதிந்து வைக்கிற டிவிஆர் பெட்டி இருந்த இடம் அது. பின்னால் எட்டு வயரும் தொங்கின. ஒன்றுகூட அறுக்கப்படவில்லை. ஒவ்வொரு பின்னையும் நிதானமாகத் திருகிக் கழற்றி, பெட்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர்களுக்கு அவ்வளவு நேரம் கிடைத்திருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த வீட்டுக்குக் கொட்டேஷன் கொடுத்தவன் நான்தான். கேமராவுக்கு ஒரு தொகை, அலாரத்துக்கு 12,000 ரூபாய் என்று தனித்தனியாக எழுதியிருந்தேன். சார் பேனாவை எடுத்து அலாரம் வரியை அடித்தார். "கேமராவே போதும் தம்பி, எவன் வரப்போறான்" என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். இன்னும் ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து எடுத்துச் சொல்லியிருக்கலாம் என்று அன்றைக்கு இரவு முழுவதும் தோன்றிக்கொண்டே இருந்தது. இந்த வருடத்தில் மட்டும் நான் பார்க்கிற மூன்றாவது வீடு இது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கேமரா திருடனைத் தடுக்காது. தயவுசெய்து இந்த ஒன்றை மட்டுமாவது வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள். கேமரா ஒரு சாட்சி. நடந்ததைப் பார்த்து வைத்துக்கொள்ளும், கேட்டால் காட்டும், அவ்வளவுதான். அது எழுந்து போய்க் கதவைச் சாத்தாது, பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பாது. "கேமராவைப் பார்த்தாலே பயந்து ஓடிடுவான் சார்" என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். தெருவில் சும்மா போகிறவன், காம்பவுண்டுக்குள் கிடக்கும் சைக்கிளை எடுக்கலாமா என்று நினைக்கிறவன், அவன் வேண்டுமானால் பயப்படுவான். பூட்டிய வீட்டை இரண்டு நாள் நோட்டம் பார்த்துவிட்டு, கடப்பாரையோடு கிளம்பி வருகிறவன் கேமரா இருப்பது தெரிந்துதான் வருகிறான். தொப்பி போட்டிருப்பான், துண்டைச் சுற்றியிருப்பான். கொரோனாவுக்குப் பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

"மொபைல்ல பார்த்துக்கலாம்ல" என்பது அடுத்தது. பார்க்கலாம். நள்ளிரவு இரண்டரை மணிக்கு யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? பெங்களூருவில் விசேஷ வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் சாரா? அசைவு இருந்தால் செல்போனுக்கு அறிவிப்பு வருமே என்பார்கள். வரும். பூனை நடந்தால் வரும், முருங்கைக் கிளை ஆடினால் வரும், தெருவில் வண்டி விளக்கு அடித்தால் வரும். ஒரு நாளைக்கு நூறு வந்தால் நான்காவது நாள் நீங்களே சத்தத்தை அணைத்துவிடுவீர்கள். நான் பார்த்த பத்து போன்களில் ஒன்பதில் அணைத்துத்தான் வைத்திருந்தார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு 2019 அக்டோபர் மறந்திருக்காது. சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் ஒரு பெரிய நகைக்கடையில் சுவரில் துளை போட்டு உள்ளே நுழைந்து, சுமார் 13 கோடி ரூபாய் நகையை அள்ளிக்கொண்டு போனார்கள். விலங்கு முகமூடி போட்ட இரண்டு பேர் நகைகளை எடுத்துப் பையில் போடுவதைக் கேமரா தெளிவாகப் பிடித்தது. ஆனால் காலையில் கடையைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. முதல் ஆள் சிக்கியது திருவாரூரில் நடந்த வாகனச் சோதனையில். 2021 டிசம்பரில் வேலூரிலும் இதே கதை: நகைக்கடை, சுவரில் துளை, முகமூடி, சுமார் 15 கிலோ தங்கம். அங்கே வந்தவன் கேமராக்கள் மீது ஸ்பிரே அடித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினான். இரண்டு வழக்கிலும் காவல்துறை ஆட்களைப் பிடித்தது, நகைகளை மீட்டது. சின்ன வீட்டில் போன 22 பவுனுக்கு அவ்வளவு தனிப்படை வருமா? யோசித்துப் பாருங்கள்.

சரி, எதுதான் தடுக்கும்? முதலில் கதவு. சார் வீட்டுக் கொல்லைக் கதவின் நாதாங்கியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நான்கு திருகாணி, நான்கும் அரை இஞ்ச். ஒன்றின் மரையில் மரத்தூள்கூட ஒட்டியிருந்தது, அவ்வளவு லேசாகப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. வாசல் கதவு தேக்கு, அதற்குப் பித்தளைப் பூட்டு, வெளியே கிரில் கேட், அதற்கொரு பூட்டு. கொல்லைக் கதவுக்கு அரை இஞ்ச் திருகாணி. நான் போன வீடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான். திருடன் வாசல் வழியாகத்தான் வருவான் என்று உங்களுக்கு யார் சொன்னது? ஆசாரியைக் கூப்பிட்டு, நிலைக்குள் நன்றாக இறங்குகிற மாதிரி இரண்டரை இஞ்ச் திருகாணி போடச் சொல்லுங்கள். உள்பக்கம் மேலும் கீழும் தாழ்ப்பாள் வையுங்கள். முடிந்தால் ஒரு கிரில். கேமராவுக்கு முன்னால் செய்ய வேண்டிய செலவு இது.

அடுத்தது சத்தம். கதவில் காந்த சென்சார், கூடத்தில் ஒரு அசைவு சென்சார், சைரன் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே கை எட்டாத உயரத்தில், இவற்றை இணைக்கிற பேனல். ஒரு நடுத்தர வீட்டுக்கு இது போதும். கதவு திறந்த நொடியில் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி அலறும்போது நிதானமாக எட்டு வயரைத் திருகிக்கொண்டிருக்க யாருக்கும் மனசு வராது. கதவு உறுதியாக இருந்து, உடைக்கத் தொடங்கும்போதே சத்தமும் வந்தால் பெரும்பாலும் வெளியிலேயே விட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். கதவு பெயர்ந்து கிடந்தும் உள்ளே ஒரு பொருள் போகாத வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். எல்லாமே அலாரம் அடித்த வீடுகள்.

உடனே வருகிற புகார் எனக்குத் தெரியும். "அது சும்மா சும்மா அடிக்குது சார்." காரணம் இல்லாமல் அடிக்காது. பாலக்கரையில் ஒரு ஹார்டுவேர் கடை. அலாரம் மூன்று இரவு தொடர்ந்து அடித்திருக்கிறது. கடைக்காரர் மூன்று முறையும் லுங்கியோடு ஓடி வந்து பார்த்துவிட்டு, நான்காவது நாள் பேனலை அணைத்துவிட்டார். எங்களுக்குச் சொல்லவில்லை. அடுத்த வாரமே கல்லாப்பெட்டி போனது. போய்ப் பார்த்தால், சென்சாருக்கு நேர் எதிரே புதிதாக ஒரு பெயின்ட் விளம்பர பேனரைத் தொங்கவிட்டு, பக்கத்தில் இருந்த எக்ஸாஸ்ட் விசிறியையும் இரவு முழுவதும் ஓடவிட்டிருக்கிறார்கள். பேனரை நகர்த்தியிருந்தால் போதும், ஐந்து நிமிட வேலை. பல்லி சென்சார் கண்ணாடி மேல் ஊர்ந்தாலும் அடிக்கும், ஏசி காற்று நேராகப் பட்டாலும், ஜன்னல் வெயில் விழுந்தாலும் அடிக்கும். இதெல்லாம் இடத்தை மாற்றினால் சரியாகிவிடுகிற விஷயம். தயவுசெய்து அணைக்காதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள். அணைத்த அலாரத்தோடு கடையைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இன்னொன்று, பேனலுக்குள் இருக்கும் சிம். அலாரம் அடித்தால் உங்களுக்கு போன் செய்வதற்காகத்தான் அது இருக்கிறது. போட்ட அன்றைக்கு ரீசார்ஜ் செய்ததோடு சரி, பிறகு யாருக்கும் நினைவில்லை. வேலிடிட்டி முடிந்த சிம் யாரைக் கூப்பிடும்? பழைய பேனல்கள் 2ஜி மட்டும்தான் எடுக்கும், ஜியோவுக்கு 2ஜி கிடையாது. மலிவாக இருக்கிறதே என்று நீங்களாக ஜியோ சிம்மை மாற்றிப் போட்டால் பேனல் ஊமையாகிவிடும். உள்ளே இருக்கிற 12 வோல்ட் பேட்டரிக்கும் இரண்டு மூன்று வருடம்தான் ஆயுசு. நம் ஊரில் இ.பி. மீட்டரும் மெயின் சுவிட்சும் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே, வாசல் பக்கமே இருக்கின்றன. வருகிறவன் முதலில் அதைத்தான் இறக்குவான். டிவிஆர், மோடம், கேமரா சப்ளை மூன்றும் இன்வெர்ட்டர் லைனில் இல்லையென்றால் அந்த நொடியோடு எட்டு கேமராவும் குருடு. பேனல் மட்டும் அதன் பேட்டரியில் உயிரோடு இருக்கும், பேட்டரி நன்றாக இருந்தால்.

கேமராவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் பிழைப்பில் பாதி அதுதான். போடுவதை ஒழுங்காகப் போடுங்கள் என்கிறேன். டிவிஆரை டிவிக்குக் கீழே வைக்காதீர்கள். பரணில், இரும்புப் பெட்டிக்குள், காற்றோட்டத்தோடு வைத்துப் பூட்டுங்கள். டிவியில் பார்க்க ஒரு நீளமான எச்டிஎம்ஐ வயர் போதும். இந்த விஷயத்தில் எங்கள் தொழில்காரர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. வயர் மிச்சமாகும், வேலை சீக்கிரம் முடியும் என்று டிவி ஸ்டாண்டிலேயே வைத்துவிட்டுப் போகிறோம். வாடிக்கையாளர் கேட்காவிட்டாலும் நாம் சொல்ல வேண்டும்.

எல்லாக் கேமராவையும் மாடி உயரத்தில் மாட்டினால் தலை முடிதான் தெரியும். சாதாரணமாக நாம் போடுகிற 2 மெகாபிக்சல், 2.8 எம்எம் லென்ஸ் கேமராவில் ஆள் பத்தடிக்குள் வந்தால்தான் முகம் அடையாளம் சொல்கிற மாதிரி விழும். அதனால் வாசலிலும் கொல்லையிலும் ஒவ்வொன்றாவது ஏழடி உயரத்தில் இருக்கட்டும். சிலந்தி வலையைத் துடையுங்கள், இரவில் அது ஒன்றே படம் முழுவதையும் வெள்ளையாக்கிவிடும்.

ஹார்டு டிஸ்க் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அளவில் பதிந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 21 ஜிபி. எட்டு கேமராவுக்கு 1 டிபி போட்டால் ஆறு நாள்கூட வராது, அதற்குப் பிறகு பழையதன் மேலேயே புதியது பதிந்துவிடும். பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வருகிறவருக்கு முதல் நான்கு நாள் இருக்காது. இதைவிட மோசம், டிஸ்க் செத்துப்போய் மாதக்கணக்கில் ஆகியிருக்கும். திரையில் நேரலை ஓடுவதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். மாதம் ஒரு முறை, முந்தைய நாள் பதிவை ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.

பாஸ்வேர்டு பற்றி ஒரு வார்த்தை. 2016-ல் மிராய் என்ற நச்சு நிரல் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்து, அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களையே முடக்கியது. அது நுழைந்த வழி, கம்பெனியில் இருந்து வந்தபடியே யாரும் மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டு. உங்கள் வீட்டுக் கூடம் யாரோ ஒருவர் திரையில் ஓட வேண்டாம் என்றால், மாட்டுகிற பையன் போட்டுவிட்டுப் போன பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றுங்கள். படுக்கையறைக்குள் கேமரா வைக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் மாட்ட மாட்டேன்.

கடைக்காரர்களுக்கு: ஷட்டர் பூட்டை மட்டும் நம்பாதீர்கள். மேலே சொன்ன இரண்டு நகைக்கடையிலும் சுவர்தான் வழி. 2019 ஜனவரியில் சமயபுரம் பக்கம் ஒரு வங்கிக் கிளையிலும் சுவர்தான். பக்கத்துக் கட்டடம் காலியாக இருந்தால், பின்னால் சந்து இருந்தால், அந்தச் சுவரில் அதிர்வு சென்சார் போடுங்கள். தகரக் கூரை என்றால் கூரைக்குக் கீழே அசைவு சென்சார் கட்டாயம். லாக்கர் இருக்கும் அறைக்குத் தனியாக ஒன்று.

வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகும்போது உள்ளூர்க் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். இரவு ரோந்து போகிறவர்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள். எதிர்வீட்டில் ஒரு சாவியும் உங்கள் போன் நம்பரும் இருக்கட்டும், சைரன் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பேப்பர், பால் நிறுத்துங்கள். கிளம்பும் முன்பே படத்தைப் போட்டு ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். நகை வங்கி லாக்கரில் இருக்கட்டும்.

இவ்வளவுக்கும் மேலே நடந்துவிட்டால், உள்ளே ஓடாதீர்கள். ஆள் இன்னும் உள்ளே இருக்கலாம். வெளியில் நின்றே 100 அல்லது 112-க்கு அழையுங்கள். பீரோவைத் தொடாதீர்கள். டிவிஆர் இருந்தால், தெரிந்த பையனை விட்டு நோண்டச் சொல்லாதீர்கள். ஒரு தப்பான பட்டன் போதும், எல்லாம் அழிந்துவிடும். நீதிமன்றத்தில் அந்தப் பதிவு நிற்க வேண்டுமென்றால் பாரதிய சாட்சிய அதினியம் என்கிற சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும், அதை முறையாக எடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. டிவிஆருக்குள் இருக்கும் பட்டன் செல் தீர்ந்துபோனால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் தாறுமாறாகிவிடும். ஒரு கடையில் 1 மணி 40 நிமிடம் பின்தங்கியிருந்தது, எதிர்க்கடைக் கேமராவோடு ஒத்துப்பார்க்க முடியாமல் இரண்டு நாள் வீணானது. அதனால் திரையில் தெரியும் நேரத்துக்கும் உங்கள் போனில் இருக்கும் நேரத்துக்கும் எத்தனை நிமிடம் வித்தியாசம் என்று ஒரு தாளில் எழுதி, வருகிற ஆய்வாளர் கையில் கொடுங்கள்.