பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு டர்போ எஞ்சினா? முதலில் அனுமதி, அப்புறம் ஸ்பேனர்

"எஞ்சின் வாங்கிட்டேன்ணே, இனி அனுமதி எப்படி எடுக்கிறது?" என்று மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். தயவுசெய்து இந்த வரிசையில் செய்யாதீர்கள். சிங்கப்பூரில் காரின் எஞ்சினை வேறொன்றாக மாற்றுவதென்றாலும், டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளிச் சக்தியைக் கூட்டும் கருவி) இல்லாத வண்டியில் அதை ஏற்றுவதென்றாலும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்க வேண்டும். ஸ்போர்ட்ஸ் ரிம், ரேடியோ போன்ற சின்ன மாற்றங்களோடு இதைச் சேர்த்துப் பார்க்காதீர்கள். ஒப்புதல் இல்லாமல் மாற்றி ஓட்டினால் அபராதம் உண்டு, சிறைகூட உண்டு.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் 1,798 சிசி எஞ்சின், இரட்டை கார்பரேட்டர், சுமார் 95 குதிரைத்திறன். அதில் நிசானின் எஸ்ஆர்20டிஇடி எஞ்சினை உட்கார வைக்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அது 1,998 சிசி, டர்போ, சில்வியா காரில் 205 குதிரைத்திறன் கொடுத்தது. எம்ஜிபியின் இரும்பு பிளாக்குக்கு (எஞ்சினின் உடல்) பதில் அலுமினிய பிளாக் என்பதால் முன்பக்க எடையைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. ஆனால் சக்தி இரண்டு மடங்குக்கும் மேல், பின்சக்கரத்திலோ இன்னும் பழைய டிரம் பிரேக்! வண்டிக்குள் இருக்கும் எரிபொருள் பம்பு, வயரிங், இண்டர்கூலர், ரேடியேட்டர், கியர்பாக்ஸ், புகைக்குழாய் என ஒன்று மாற்றினால் வரிசையாக எல்லாம் மாறும். அதனால்தான் எஞ்சினை மட்டும் எழுதாமல் செய்யப்போகும் எல்லா வேலையையும் சேர்த்து எழுதிக் கேளுங்கள் என்கிறேன். புகைக்குழாய் மாற்றத்துக்கும் தனி விதிகள் இருக்கின்றன.

அடுத்து, உங்கள் கார் எந்தத் திட்டத்தில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். முதல் பதிவிலிருந்து 35 ஆண்டு ஆன வண்டியைக் கிளாசிக் வாகனத் திட்டத்தில் வைக்கலாம். சாலை வரி ஆண்டுக்கு ஒரே தொகை, ஆனால் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்ட முடியும். பழைய வண்டியை நேசிப்பவர்களுக்குக் கிடைத்த நல்ல திட்டம் இது, மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட பழைய கார்களைச் சாதாரணமாக இறக்குமதி செய்யவே முடியாத ஊரில் இந்த வழியாவது இருக்கிறதே. இத்திட்டத்தில் இருக்கும் வண்டி என்றால், எஞ்சினை மாற்றியபின்னும் அதில் தொடர முடியுமா என்பதே ஆணையத்திடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

சாதாரணப் பதிவில், சிஓஇயை (வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டுகிறீர்கள் என்றால் கணக்கே வேறு. பெட்ரோல் காரின் சாலை வரி சிசியை வைத்துத்தான், டர்போ இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தல்ல. 1,798 சிசிக்கு ஆறு மாதத்துக்கு ஏறத்தாழ 488 வெள்ளி, 1,998 சிசிக்கு 605 வெள்ளி. 14 ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு 50 விழுக்காடு கூடுதல் கட்டணம் சேரும்போது அது 731 வெள்ளி, 907 வெள்ளி என்று ஆகிவிடும். பத்து ஆண்டைத் தாண்டிய கார் என்பதால் ஆண்டுதோறும் சோதனைக்கும் போக வேண்டும்.

இப்போது எஞ்சின் எண். இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில், நண்பர் வாங்கிய ஹாஃப் கட் (பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய கார்) எஞ்சின் மரப்பலகை மேல் கிடந்தது. பிளாக்கின் ஓரத்தில் அப்பியிருந்த எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, டார்ச் அடித்து ஒவ்வோர் எழுத்தாக வாசித்தோம். ரசீதில் இருந்ததற்கும் அதற்கும் கடைசி இலக்கம் ஒத்துப்போகவில்லை. விற்றவர் "பேப்பர் பிறகு வரும்" என்றார், வரவில்லை. வாகனப் பதிவில் எஞ்சின் எண்ணும் இருக்கிறது, மாற்றினால் அதையும் திருத்த வேண்டும், ரசீதே தப்பாக இருக்கும்போது எதைக் காட்டித் திருத்துவது? ஆகவே பணம் கொடுக்கும் முன்பே எண்ணைப் படம் எடுங்கள், ரசீதில் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள், இறக்குமதி ஆவணங்களையும் கையோடு கேட்டு வாங்குங்கள்.

சோதனைக்கு மட்டும் பழைய பாகங்களை மாட்டிக்கொண்டு போய், திரும்பி வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று பட்டறையில் யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சாலையிலும் நிறுத்திச் சோதிக்கிறார்கள்.

கடைசியாகக் காப்புறுதி. ஒப்புதல் கிடைத்த பிறகு, வண்டியைச் சாலையில் இறக்கும் முன், காப்புறுதி நிறுவனத்துக்குப் புதிய எஞ்சின் விவரத்தை எழுதித் தெரிவித்து, அவர்கள் ஏற்றுக்கொண்டதாகப் பதில் வரும்வரை சாவியைத் தொடாதீர்கள்.