கிராபிக்ஸ் கார்டு போய்விட்டதா? முதலில் "எப்போது" என்று கேளுங்கள்

கேமிங் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கக் கொண்டுவருகிறவர்களில் நிறைய பேர் என்ன கோளாறு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். "கார்டு போச்சு சார், புதுசு எது வாங்கலாம்னு மட்டும் சொல்லுங்க." எனக்கு மனசு பதறுகிற இடம் அதுதான், ஏனென்றால் பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள் இருப்பதிலேயே விலை கூடியது, திரையில் படத்தை உருவாக்கும் அந்த கிராபிக்ஸ் கார்டுதான்.

சமீபத்தில் ஒரு தம்பி வந்தார். கேம் ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் திரை கறுத்துவிடும், கார்டின் ஃபேன்கள் முழு வேகத்தில் இரையும், கேமின் சத்தம் மட்டும் சில விநாடி ஓடி நிற்கும். அவரும் சும்மா இருக்கவில்லை, நண்பரின் கார்டை வாங்கி மாட்டிப் பார்த்திருக்கிறார், அது மணிக்கணக்கில் ஓடியிருக்கிறது. அப்படியானால் தன் கார்டுதானே கெட்டது என்று முடிவு கட்டிவிட்டார். அந்த நண்பரின் கார்டு எது என்று கேட்டேன். மின்சாரம் வாங்க ஒரே ஒரு 8 பின் சாக்கெட் உள்ள சின்னக் கார்டு. இவருடையதில் இரண்டு. இரண்டுக்கும் பவர் சப்ளையிலிருந்து வந்தது ஒரே கேபிள், அதன் நுனியில் இரண்டு தலை. பவர் சப்ளைப் பக்கம் அந்தக் கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், ஒரு பின்னைச் சுற்றியிருந்த கறுப்பு பிளாஸ்டிக் பழுப்பேறி லேசாக உப்பியிருந்தது, மூக்கருகே கொண்டுபோனால் கருகல் வாடை. 8 பின் ஒன்று தர வேண்டியது 150 வாட் வரை, மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் வரை. இரண்டு சாக்கெட்டின் பாரத்தையும் ஒரு கேபிள் தனியாகச் சுமந்தால் அதன் வேரில் சூடேறும், சூடேறினால் பின் தளரும், தளர்ந்தால் இன்னும் சூடேறும். பவர் சப்ளையின் வேறு இரண்டு சாக்கெட்டுகளிலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் கொடுத்தேன். கார்டு நன்றாக இருக்கிறது.

அதனால்தான் "என்ன ஆகிறது" என்பதைவிட "எப்போது ஆகிறது" என்று முதலில் கேட்கிறேன்.

பவர் பட்டனை அழுத்தியதுமே, விண்டோஸ் வருவதற்கு முன்பே, பயாஸ் (கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் மென்பொருள்) திரையிலேயே கலர் கலராகப் புள்ளிகளோ கட்டங்களோ நின்றால், டிரைவரை (விண்டோஸ் கார்டோடு பேச உதவும் மென்பொருளை) குறை சொல்ல வழியில்லை, அந்த நேரத்தில் அது ஏறவே இல்லை. மானிட்டர் கேபிளையும், கார்டில் அது செருகியிருக்கும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள், முடிந்தால் வேறு மானிட்டரிலும். அப்புறமும் அதே கட்டங்கள் அதே இடத்தில் நின்றால், கார்டின் மெமரி சிப்போ முதன்மைச் சிப்போ அடிவாங்கியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். விண்டோஸுக்குள் வரும் கோடுகளுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்தப் படத்தை வேறொரு கருவியில் திறந்து பாருங்கள். கோடு படத்திலும் இருந்தால் அது கம்ப்யூட்டருக்குள் உருவானது. படம் சுத்தமாக இருந்தால் முதலில் கேபிளையும் மானிட்டரையும் பாருங்கள், கார்டின் வெளியீட்டுப் பகுதியையும் மறக்க வேண்டாம்.

விண்டோஸ் அடிப்படை டிரைவரில் ஒழுங்காக ஓடி, கார்டின் சொந்த டிரைவர் ஏறியதும் திரை கறுக்கிறது, அல்லது டிவைஸ் மேனேஜரில் (விண்டோஸின் பாகங்கள் பட்டியலில்) கோட் 43 என்ற பிழையோடு மஞ்சள் முக்கோணம் நிற்கிறது என்றால், அது இரண்டு பக்கமும் சாயக்கூடிய அறிகுறி. இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு (இல்லாவிட்டால் விண்டோஸே ஒரு டிரைவரைப் போட்டுவிடும்), சேஃப் மோடில் (விண்டோஸ் அடிப்படைப் பாகங்களோடு மட்டும் ஓடும் நிலையில்) டிடியு என்ற டிரைவர் நீக்கும் கருவியைக் கொண்டு பழைய டிரைவரைத் துடைத்துவிட்டு, புதிதாகப் போடுங்கள். ஒருமுறை பழைய பதிப்பையும் போட்டுப் பார்த்து, அப்படியும் அதேதான் என்றால் கார்டின் மேல் சந்தேகம் வலுக்கிறது.

கேமின் நடுவில் மட்டும் விழுகிற கோளாறில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். "டிஸ்பிளே டிரைவர் பதிலளிக்கவில்லை, மீண்டுவிட்டது" என்ற செய்தியைப் பார்த்திருப்பீர்கள், ஈவன்ட் வியூவரில் (விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில்) 4101 என்று பதிவாகும். விண்டோஸ் வழக்கமாக 2 விநாடி காத்திருக்கும், கார்டு பதில் சொல்லாவிட்டால் டிரைவரைத் திருப்பித் தொடங்கும். பதில் வரவில்லை என்பது மட்டும்தான் அந்தச் செய்தியின் பொருள். ஏன் வரவில்லை என்பதை நாம்தான் தேட வேண்டும். சூடாக இருக்கலாம், மின்சாரம் பற்றாமல் இருக்கலாம், ஓவர்கிளாக் (இயல்பைவிடக் கூட்டி வைத்த வேகம்) தாங்காமல் இருக்கலாம், ரேம்கூடக் காரணமாக இருக்கலாம். அதனால் கார்டின் ஓவர்கிளாக்கையும் ரேமின் எக்ஸ்எம்பியையும் (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்பையும்) அணைத்துவிட்டு ஒருநாள் ஆடிப் பாருங்கள். சிபியுவும் இதில் உண்டு. இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிபியுக்கள் சிலவற்றில், சில கேம்கள் "வீடியோ மெமரி போதவில்லை" என்று சொல்லி மூடிக்கொண்டன. படித்தவுடன் கார்டைத்தான் யாரும் சந்தேகப்படுவார்கள். கோளாறு சிபியுவுக்குப் போன அளவு மீறிய வோல்டேஜில் இருந்தது, 2024இல் இன்டெல் அதற்கு மைக்ரோகோட் (சிபியுவின் உள் மென்பொருள்) திருத்தம் வெளியிட்டது. ஏற்கெனவே சேதமான சிபியுவை அந்தத் திருத்தம் மீட்காது.

சூட்டை அளக்க எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற கருவி போதும், ஆனால் கார்டின் பொது வெப்பநிலையோடு நிறுத்திவிடாதீர்கள். ஹாட் ஸ்பாட் (சிப்பில் மிகச் சூடான இடம்) என்று தனியாக ஒரு எண் காட்டினால் அதையும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் பத்துப் பதினைந்து டிகிரி வித்தியாசம் சாதாரணம். 30ஐத் தாண்டினால் உள்ளே சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கிறது அல்லது ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை என்று நினைப்பேன். தூசி ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் அது தறிகெட்டுச் சுழன்றால் பேரிங் கெடும்.

சூடு சரியாக இருந்தும் விழுகிறதா? ஆஃப்டர்பர்னர் என்ற கார்டு அமைப்புக் கருவியில் பவர் லிமிட்டை (கார்டு எடுக்கும் மின்சாரத்தின் வரம்பை) 70 அல்லது 80 சதவீதமாகக் குறைத்து அதே கேமை ஆடுங்கள். விழுவது நின்றுவிட்டால் பவர் சப்ளையையும் கேபிளையும் பரிசோதிக்க வேண்டும் என்று பொருள். கார்டு குற்றமற்றது என்று அதை வைத்தே சொல்லிவிட முடியாது, நலிந்த கார்டும் பாரம் குறைந்தால் தாக்குப்பிடிக்கும். மெமரியை மட்டும் சோதிக்க ஓசிசிடி என்ற சோதனை மென்பொருளின் வீடியோ மெமரி சோதனையை ஓடவிடுங்கள், எல்லாவற்றையும் இயல்பு அமைப்பில் வைத்துவிட்டு. அதிலும் பிழைகள் வந்துகொண்டே இருந்தால் பிரச்சினை பெரும்பாலும் கார்டில்தான், இனி வாரண்டி அட்டையைத் தேடுங்கள்.

கார்டுக்கு மின்சாரம் தரும் புதிய 16 பின் கேபிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 600 வாட் வரை போகும் இணைப்பு அது, 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் அது உருகிய படங்கள் உலகமெங்கும் சுற்றின, முழுதாகச் செருகாததே முக்கியக் காரணம் என்று என்விடியா சொன்னது. இடைவெளி தெரியாத வரை அழுத்துங்கள், தலைக்குப் பக்கத்திலேயே கேபிளை மடக்காதீர்கள்.

கார்டு மாட்டியிருந்தால் கம்ப்யூட்டர் உயிரே பெறவில்லை, கழற்றினால் ஓடுகிறது என்றால், அங்கே நிறுத்திவிடுங்கள். "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்று பட்டனை அழுத்த வேண்டாம். கார்டின் மின்சுற்றில் ஒரு மாஸ்ஃபெட் (மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்னப் பாகம்) ஷார்ட் ஆகியிருந்தால் 12 வோல்ட் நேராகச் சிப்புக்குள் பாயலாம், மாஸ்ஃபெட்டை மட்டும் மாற்றிப் பிழைக்க வைத்திருக்கக்கூடிய கார்டு அந்த ஒரு அழுத்தலில் மொத்தமாகப் போய்விடும்.

கார்டைச் சரிசெய்கிறேன் என்று ஓவனில் வைத்துச் சுடுவது வேண்டவே வேண்டாம். சிப்பைப் பலகையோடு ஒட்டியிருக்கும் ஈயமில்லாத சால்டர் உருகச் சுமார் 217 டிகிரி தேவை, வீடியோக்களில் சொல்கிற சூட்டில் பெரும்பாலும் அது உருகுவதே இல்லை, விரிவடைந்த உலோகம் சில நாள் தொட்டுக்கொண்டிருந்துவிட்டு மறுபடி விலகும். கெபாசிட்டர்களும் பிளாஸ்டிக்கும் வெந்து புகை வரும், அதுவும் சாப்பாடு சமைக்கிற அடுப்பில். அப்படிச் சுட்ட கார்டுகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன, எதையும் திருப்பி ஓடவைக்க முடியவில்லை.

பழுது பார்ப்பவரிடம் போகும்போது, திரையில் வந்த கோளாறை மொபைலில் பதினைந்து விநாடி வீடியோ எடுத்துக் கொண்டுபோங்கள். எந்த கேம், ஆரம்பித்து எத்தனை நிமிடத்தில், ஃபேன் இரைந்ததா, சத்தம் தொடர்ந்ததா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கார்டை மட்டும் தனியாகக் கழற்றிக் கொண்டுபோகாதீர்கள், முழுக் கம்ப்யூட்டரையும் அதன் பவர் கேபிள்களோடு கொண்டுபோங்கள். அந்தத் தம்பி கார்டை மட்டும் கையில் எடுத்து வந்திருந்தால், கருகிய அந்தப் பின் என் கண்ணில் பட்டிருக்காது.