எந்த வண்டு இது?

1766இல் ஆப்பிரிக்காவின் காபோன் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ளங்கையை நிறைக்கும் அளவுக்குப் பெரிய வண்டு ஒன்று செத்து மிதந்தது. பிரிட்டிஷ் கப்பல் மருத்துவர் ஒருவர் அதை எடுத்து வந்தார். 1771இல் சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் அந்த இனத்துக்குக் கோலியாத் என்று பெயர் சூட்டினார். அந்த வண்டு இன்றும் கிளாஸ்கோவில் ஹண்டேரியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எல்லாமே இப்படிக் கண்ணில் படும்படி இருந்துவிட்டால் வண்டு ஆய்வாளர்களுக்கு வேலையே இல்லை. சாணம் வைத்த குழிப்பொறியிலும், இரவில் விளக்கின் பின்னால் கட்டிய வெள்ளைத் துணியிலும் சிக்குபவற்றில் பல, அரிசி மணியைவிடச் சிறியவை; நிறத்திலும் ஒன்றுபோலவே இருக்கும்.

பெரிய வண்டு என்றால் வலது மேலிறகில் ஊசி குத்துவார்கள். எப்போதும் வலதுதான், இடது பக்கம் சேதமில்லாமல் பார்வைக்குக் கிடைக்கும். பொடி வண்டை முக்கோண அட்டையின் நுனியில் பசையால் ஒட்டுவார்கள். அதே ஊசியில் கீழே ஒரு சீட்டு: இடம், அதன் கடல்மட்ட உயரம், தேதி, பிடித்த முறை, பிடித்தவர் பெயர். சீட்டு இல்லாத வண்டு, என்னைக் கேட்டால், வெறும் அலங்காரப் பொருள். பழைய பெட்டிகளில் ‘காங்கோ’ என்று மட்டும் எழுதிய சீட்டுகள் உண்டு. அவ்வளவு பெரிய நிலத்தில் எங்கே போய்த் தேடுவது?

வெளித்தோற்றம் கைவிட்டால் ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைப் பார்க்க வேண்டும். காய்ந்த உடலை வெந்நீரில் ஊறவைத்து, வயிற்று நுனி வழியாக இடுக்கியால் உறுப்பை வெளியே இழுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போட்டால் சதை கரைந்து கெட்டியான கூடு மட்டும் நிற்கும். அதன் வளைவும் நுனியும் நெருங்கிய இனங்களுக்குள்ளேயே வேறுபடும். தனியாகச் சிக்கிய பெண் வண்டு பல சமயம் பெயரில்லாமலே பெட்டிக்குள் போவது இதனால்தான்.

அடுத்து, இது புது இனமா என்ற கேள்வி. ஒவ்வோர் இனப் பெயரையும் தாங்கி நிற்பது ஒரு மூல மாதிரி, அதாவது பெயர் சூட்டியவர் அந்தப் பெயருக்கு அடையாளமாக வைத்த வண்டு; அதற்குச் சிவப்புச் சீட்டு. ஆப்பிரிக்க வண்டுகளின் மூல மாதிரிகளில் பெரும்பகுதி காலனிக் காலத்திலேயே லண்டன், பாரிஸ், பெர்லின், பெல்ஜியத்தின் டெர்வூரென் என்று போய்விட்டது. நைரோபியில் இருப்பவர் ஐரோப்பாவுக்கு விமானம் ஏற வேண்டும், இல்லையென்றால் புகைப்படம் கேட்டுக் காத்திருக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர் மொரிஸ் பிக் பல்லாயிரம் வண்டுகளுக்குப் பெயர் வைத்தவர். விவரிப்பு சில வரிகளோடு முடிந்துவிடும். அந்த வரிகளை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது, பாரிஸில் உள்ள அவருடைய வண்டையே பார்த்தாக வேண்டும்.

இது பெயர்ப் பைத்தியம் அல்ல. ஆஸ்திரேலியாவின் உள்ளூர்ச் சாணவண்டுகள் கங்காரு சாணத்துக்குப் பழகியவை. மாட்டுச் சாணம் வயலில் தேங்கி ஈ பெருகியது. சாணத்தைப் புதைக்க 1968இல் ‘கஸெல்லா’ என்ற ஆப்பிரிக்க வண்டை விட்டார்கள். ஆப்பிரிக்காவில் பரவலாக வாழும் அது ஒரே ஓர் இனம்தான் என்றே நினைத்திருந்தார்கள். மாதிரிகளை ஒப்பிட்டு 2017இல் வந்த ஆய்வு, அந்தப் பெயருக்குள் பல இனங்கள் கலந்துகிடந்ததைக் காட்டியது. ‘கஸெல்லா’ என்று எழுதிய பழைய கட்டுரைகள் எந்த வண்டைப் பற்றியவை? அந்தக் கட்டுரைகளை எழுதியவர்கள் நாலு வண்டுகளை ஊசியில் குத்திச் சீட்டோடு வைத்திருந்தால் இன்றும் சரிபார்க்கலாம்.