பானைக்குள் ஒளிந்திருந்த மம்மி செய்முறை

மம்மி ஆராய்ச்சி என்றாலே சி.டி. ஸ்கேன் கருவிக்குள் படுத்திருக்கும் ஃபாரோதான் நினைவுக்கு வருவார். துணியைப் பிரிக்காமலே எலும்பு முறிவையும் பல் சொத்தையையும் காட்டிவிடும் நல்ல கருவி அது. அந்த உடல் மேல் என்னென்ன பூசினார்கள் என்று கேட்டால் மட்டும் ஸ்கேனிடம் பதில் இருக்காது. வேதியியல் ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும்.

முதல் கட்டத்தில் மர்மம் ஒன்றும் இல்லை. உள்ளுறுப்புகளை எடுத்துவிட்டு, நேட்ரான் என்ற இயற்கை உப்பில் உடலைச் சுமார் 40 நாள் மூடிவைத்தார்கள். சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் கலந்த அந்த உப்பு ஈரத்தை உறிஞ்சிவிட்டால் பாக்டீரியாவுக்கு அங்கே வேலையில்லை. கருவாடு கெடாமல் இருப்பதும் இதே காரணத்தால்தான். அப்புறம் பூசிய எண்ணெய்களும் பிசின்களும்தான் புதிர். மம்மி மேல் இருந்து சுரண்டி எடுத்தால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோய்க் கறுப்புப் படிவமாக வரும். எது தலைக்கு, எது தோலுக்கு என்று எப்படிப் பிரிப்பது?

2016இல் தொல்லியலாளர் ரமதான் ஹுசைன் குழு எகிப்தின் சக்காராவில், உனாஸ் மன்னரின் பிரமிடுக்கு அருகே, உடல் பதப்படுத்தும் பட்டறை ஒன்றைக் கண்டுபிடித்தது. காலம் கி.மு. 664-525. அங்கே கிடைத்த பானை, கிண்ணங்கள் பலவற்றின் வெளிப்புறத்தில் குறிப்பு எழுதியிருந்தது: ‘தலையில் பூச’, ‘மணம் இனிதாக’ என்கிற மாதிரி. என்னைக் கேட்டால், தங்க முகமூடியைவிட இந்த அழுக்குப் பானைகள்தான் பெரிய புதையல்.

அவற்றில் 31 பாத்திரங்களை ஆராய்ந்து 2023இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பானையின் உட்புறத்தில் கொஞ்சம் சுரண்டி, அந்தத் தூளைக் கரைப்பானில் ஊறவைத்தால் ஓட்டுக்குள் ஊறியிருந்த கொழுப்பும் பிசினும் வெளியே வரும். அதைச் சூடாக்கி ஆவியாக்கி, பல மீட்டர் நீளமுள்ள மெல்லிய குழாய் வழியே ஓட்டுகிறார்கள். எளிதில் ஆவியாகும் மூலக்கூறு முதலில் வெளிவரும், மற்றவை பின்னால் வரும். வெளிவரும் ஒவ்வொன்றையும் எலக்ட்ரான்களால் உடைத்து, துண்டுகளின் நிறையை அளப்பார்கள். எந்த மூலக்கூறு எப்படி உடையும் என்பது ஏற்கெனவே பதிவாகியிருப்பதால் அடையாளம் தெரிந்துவிடும். ரிசினோலிக் அமிலம் நிறைய இருந்தால் ஆமணக்கெண்ணெய். டீஹைட்ரோஅபியெட்டிக் அமிலம் இருந்தால் பைன் போன்ற ஊசியிலை மரத்தின் பிசின். தேன்மெழுகுக்கும் நிலக்கீலுக்கும் இப்படித் தனித்தனி அடையாளம் உண்டு.

ஆமணக்கெண்ணெயும் பிஸ்தா இன மரத்தின் பிசினும் தலைக்கென்று குறித்த பாத்திரங்களில் மட்டுமே இருந்தன. ஆக, உடலின் எந்தப் பகுதிக்கு எந்தக் கலவை என்று தீர்மானித்து வைத்திருக்கிறார்கள். கிருமியைத் தடுக்கப் பிசின், தோலின் துளைகளை அடைக்க மெழுகும் நிலக்கீலும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை.

யாரும் எதிர்பாராதவை டம்மார், எலமி என்ற இரண்டு மரப் பிசின்கள். நமக்கு அந்நியமான சரக்கு இல்லை: டம்மார் நம் குங்கிலியத்தின் குடும்பம், எலமி கருங்குங்கிலியத்தின் இனம். ஆனால் இவை எகிப்தில் விளையாது. எலமி ஆப்பிரிக்க மழைக்காட்டிலிருந்தும் வந்திருக்கலாம். டம்மாருக்கு அந்த வழியும் கிடையாது. தென்கிழக்காசியக் காடுகளிலிருந்து கைமாறிக் கைமாறித்தான் சக்காரா வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பிணத்துக்குப் பூசும் பிசினுக்காக அவ்வளவு தூரத்து வணிகம்!